செத்தவர்களுக்கு யார் பேர் வைப்பது?: பெலாரஸ் இலக்கியத்தை முன்வைத்துச் சில கேள்விகள்

பெலாரஸின் தலைநகரம் மின்ஸ்க். அந்த நகரத்துக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை 'யாமா' என்பார்கள். யாமா என்றால் குழி. யூதர்களை வேலிபோட்டு அடைத்து வைத்திருந்த கெட்டோவிலிருந்து சுமார் 5,000 பேரை 1942 மார்ச் 2 அன்று நாஜிகள் கொன்றார்கள். போர் முடிந்ததும், பிழைத்துக் கிடந்தவர்கள் அந்தக் குழியில் ஒரு கல் நட்டார்கள். ருஷ்ய மொழியிலும், யூதர்களின் வீட்டு மொழியான யித்திஷிலும் எழுதினார்கள். இங்கே செத்தவர்கள் யூதர்கள் என்று அந்தக் கல் சொன்னது. வாசகத்தை எழுதிய கவிஞர் ஹைம் மால்தின்ஸ்கி, கல் செதுக்கிய மோர்துஹ் ஸ்ப்ரிஷென் இரண்டு பேரும் பிற்பாடு கைதாகி முகாமுக்குப் போனார்கள். யூத 'தேசியவாதி'களை ஸ்டாலின் அரசு வேட்டையாடிய காலம் அது.

சோவியத் நாட்டின் மற்ற கற்களில் பெரும்பாலும் வேறு வாசகம்தான் இருந்தது: 'அமைதியான சோவியத் குடிமக்கள்'. இது பொய்யா என்றால் பொய்யில்லை. யூதரும் குடிமக்கள்தானே. ஆனால் குடிமக்கள் என்பதற்காக நாஜி அவர்களைக் கொல்லவில்லை. யூதர் என்பதற்காகக் கொன்றான். கொன்னவன் எந்தப் பேரைச் சொல்லிக் கொன்னானோ அந்தப் பேரை அழித்துவிட்டு, அஞ்சலி செலுத்த வந்தவன் தனக்குத் தோதான இன்னொரு பேரை வைக்கிறான்.

இது நமக்குப் புரியாத சங்கதியில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்ட 44 பேரும் 'விவசாயக் கூலிகள்' என்று சொல்லிச் சொல்லியே, அவர்கள் தலித்துகள் என்பதை இரண்டாம்பட்சமாக்கினார்கள். கூலி உயர்வு கேட்டதும் உண்மை, செங்கொடிச் சங்கத்தில் நின்றதும் உண்மை. ஆனால் அது பாதி உண்மை. நம்ம தெரு எரிந்தால் மறுநாள் பேப்பரில் 'இரு பிரிவினர் மோதல்' என்று வரும். பேரைச் சொல்லாமல் செய்தி சொல்கிற வித்தை எல்லா ஊர் அதிகாரத்துக்கும் தெரியும். இனி இந்தக் கட்டுரையில் நம்ம ஊரைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. பெலாரஸ் எழுத்தை நாம் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கான காரணத்தை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

முதலில் ஒரு ஒப்புதல். மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா புத்தகங்கள் வழியாகத்தான் என்னைப் போன்ற பலர் வெளிநாட்டு இலக்கியத்துக்குள் நுழைந்தோம். கண்காட்சியில் சில ரூபாய்க்குக் கிடைத்த அந்தக் கெட்டி அட்டைப் புத்தகங்களுக்கு நாம் பட்ட கடன் பெரிசு. ஆனால் அதில் வந்த எல்லாவற்றையும் 'ருஷ்ய இலக்கியம்' என்றே சொல்லிப் பழகினோம். கிர்கீஸ்காரரான சிங்கிஸ் ஐத்மாத்தவ்கூட நமக்கு ருஷ்ய எழுத்தாளர்தான். ஒடுக்கப்பட்ட இனங்களின் பேரை விழுங்குவதில் நாமும் கூட்டுச் சேர்ந்திருந்தோம், தெரியாமலே.

பெலாரஸ்காரனுக்குப் பேர்தான் ஆதியிலிருந்தே பிரச்சினை. நிலப்பிரபு பேசியது போலிஷ். அதிகாரி பேசியது ருஷ்யன். சேற்றில் நின்றவன் பேசியது பெலாரஷ்யன். ஜார் ஆட்சி அதை ஒரு மொழியாகவே ஒத்துக்கொள்ளவில்லை. ருஷ்ய மொழியின் நாட்டுப்புறக் கொச்சை என்றது. 'நீ யாருப்பா?' என்று கேட்டால் கிராமத்தார் பலபேர் சொன்ன பதில் 'துத்தெய்ஷியா'. 'நாங்க இங்கத்தவங்க' என்று அர்த்தம். தன் இனத்துக்கு ஒரு பேர் சொல்லத் தெரியாமல் அல்லது சொல்ல விடாமல் வைக்கப்பட்ட ஜனங்கள்.

இந்த ஜனங்களிடமிருந்து வந்தவர் யாங்கா குபாலா (1882-1942). சொந்த நிலமில்லாமல் குத்தகைக்கு உழுத குடும்பம். 1908இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் 'அங்கே போவது யார்?' என்ற பாட்டு இருக்கிறது. மாக்ஸிம் கார்க்கி அதை ருஷ்ய மொழியில் பெயர்த்தார். கேள்வியும் பதிலுமாகப் போகிற பாட்டு அது. காலகாலமாக இகழப்பட்ட ஒரு கூட்டம் தன் மேல் நடந்த அநியாயத்தையே மூட்டையாகச் சுமந்துகொண்டு நடக்கிறது. அவர்கள் கேட்பது சலுகை இல்லை, மனுசர் என்ற மரியாதை. இந்தப் பாட்டைப் புரிந்துகொள்ள நமக்கு அடிக்குறிப்பு வேண்டாம்.

1922இல் குபாலா ஒரு நாடகம் எழுதினார். பேரே 'துத்தெய்ஷியா'. மின்ஸ்க் நகரத்தில் ஒரு சின்ன உத்தியோகஸ்தன். ஜெர்மன்காரன் வந்தால் ஒரு வேஷம், போல்ஷ்விக் வந்தால் ஒரு வேஷம், போலந்துக்காரன் வந்தால் இன்னொரு வேஷம். ஆட்சிக்குத் தக்கபடி தன் பேரின் வாலை ருஷ்யப் பேராகவும் போலிஷ் பேராகவும் மாற்றிக்கொள்வான். கிழக்கிலிருந்து ஒரு பண்டிதரும் மேற்கிலிருந்து ஒரு பண்டிதரும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, இந்த ஜனங்கள் எங்களவர்கள்தான் என்று ஆளுக்கொரு பக்கம் எழுதிக்கொள்வார்கள். ஜனங்களிடம் கேட்பவர் யாருமில்லை. 1926இல் மேடையேறியது, தடை செய்யப்பட்டது. ஊர்ப்பேரையும் தெருப்பேரையும் மறைத்து நகரத்தில் வீடு தேடிய நம்ம ஆட்கள் இந்த நாடகத்தைப் படித்தால் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுபோகும்.

அதே குபாலாவை 1930இல் ரகசியப் போலீஸ் விசாரித்தது, 'தேசிய ஜனநாயகவாதி' என்று குற்றம் சாட்டி. அவர் கத்தியால் தன்னையே குத்திக்கொண்டு சாகப் பார்த்தார். பிழைத்தார். பிறகு மன்னிப்புக் கடிதம் வந்தது, ஸ்டாலினைப் புகழ்ந்து கவிதைகள் வந்தன, 1941இல் ஸ்டாலின் பரிசும் வந்தது. 1942 ஜூனில் மாஸ்கோவில் ஒரு ஓட்டலின் மாடிப்படி இடைவெளியில் விழுந்து செத்தார். விபத்து என்றது அரசு. இன்று மின்ஸ்கில் அவர் பேரில் பூங்கா, தியேட்டர், சிலை எல்லாம் இருக்கின்றன. ஒரு கலகக்காரனை முதலில் உடைத்து, அப்புறம் சிலையாக்கி வைப்பது அதிகாரத்துக்குக் கைவந்த கலை.

1937 அக்டோபர் 29க்கும் 30க்கும் இடைப்பட்ட இரவு. மின்ஸ்க் சிறையில் 100க்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கவிஞர்கள், கதாசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், கல்வியாளர்கள். பெலாரஸ் மக்கள் அதைச் சுட்டுக்கொல்லப்பட்ட கவிஞர்களின் இரவு என்று நினைவுகூர்கிறார்கள். அலெஸ் துதார், வலேரி மராக்கவ், யூலி தௌபின், மிகாஸ் சாரொத், பிளதோன் ஹலவாச்... மராக்கவுக்கு வயசு 28. தௌபினுக்கு 26. நாடு போலந்துக்கும் சோவியத்துக்கும் பாதிப்பாதியாகக் கூறுபோடப்பட்டதைத் தட்டிக்கேட்டு 1928இல் கவிதை எழுதியதற்காகவே துதார் முன்பு நாடுகடத்தப்பட்டவர்.

இவர்களில் சாரொத்தின் கதையை நாம் நின்று படிக்க வேண்டும். அவர் புரட்சியின் கவிஞர். கட்சிக்காரர். பத்திரிகை ஆசிரியர். 1930இல் சக அறிவாளிகள் கைதானபோது, அவர்களுக்குக் கடுந்தண்டனை கொடு என்று கவிதை எழுதியவர். ஏழு வருஷம் கழித்து அதே சிறை, அதே விசாரணை. சாவதற்கு முன் தான் நிரபராதி என்று ஒரு கவிதையைச் சிறைச் சுவரில் கீறி வைத்தார். அதே அறையில் கிடந்த இன்னொரு கவிஞர் மிகோலா ஹ்வெதரோவிச் அதை மனப்பாடம் செய்துகொண்டு, முகாம் வாழ்க்கையெல்லாம் தாண்டி வெளியே கொண்டுவந்தார். தீர்ப்புக் கேட்ட கவிதையும் அவருடையதுதான், சுவரில் கீறிய கவிதையும் அவருடையதுதான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்கிற நினைவுதான் நேர்மையான நினைவு. ஒன்றை மட்டும் எடுத்துத் தியாகியாக்குவதும், இன்னொன்றை மட்டும் எடுத்துத் துரோகியாக்குவதும் சுலபமான வேலை.

அந்த இரவில் செத்தவர்களில் மோய்ஷே குல்பாக், இஸி ஹாரிக் இருவரும் யித்திஷில் எழுதியவர்கள். குல்பாக்கின் 'செல்மெனியானர்' நாவல், மின்ஸ்கில் ஒரு யூதக் குடும்பத்தின் முற்றம் புதிய ஆட்சியில் எப்படிக் கலைகிறது என்பதைக் கேலியும் துக்கமுமாகச் சொல்வது. 1920களில் சோவியத் பெலாரஸில் பெலாரஷ்யன், ருஷ்யன், போலிஷ், யித்திஷ் என்று நான்கு ஆட்சிமொழிகள் இருந்தன. புரட்சி கொடுத்த அந்தக் கொடையைப் புரட்சியின் பேரால் ஆண்டவர்களே 1930களில் பிடுங்கினார்கள். மிச்சத்தை நாஜி முடித்தான். பெலாரஸ் தேசியம் பேசுகிறவர்கள் 'நம் கவிஞர்கள்' என்று சொல்லும்போது யித்திஷ் கவிஞர்கள் எத்தனாவது வரிசையில் நிற்கிறார்கள்? ஒடுக்கப்பட்ட தேசியத்துக்குள்ளேயும் ஒரு சேரி உண்டு. தேசிய விடுதலை பேசுகிற எவரிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அது.

சரி, போர் பற்றிய எழுத்துக்கு வருவோம். ஹாத்தின் என்ற கிராமத்தில் 1943 மார்ச் 22 அன்று ஜனங்களைக் களஞ்சியத்தில் அடைத்துத் தீ வைத்தார்கள். 149 பேர் செத்தார்கள், அதில் 75 பேர் குழந்தைகள். 1969இல் சோவியத் அரசு அங்கே பெரிய நினைவிடம் கட்டியது. ஆனால் தீ வைத்த படையில் ஜெர்மானியர்கள் மட்டுமில்லை, சோவியத் குடிமக்களாக இருந்து நாஜிகளோடு சேர்ந்த போலீஸ் படையினரும் இருந்தார்கள் என்பதை வெளியே சொல்லவில்லை. அந்தப் படையின் அதிகாரி வாஸ்யூராவை 1986இல் மின்ஸ்கில் விசாரித்து மரண தண்டனை கொடுத்தபோதும் பத்திரிகையில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அழுவதற்கு அனுமதி உண்டு. யார் கொன்னது என்று முழுசாகக் கேட்க அனுமதி இல்லை.

இந்த அரசாங்க அழுகையை உடைத்தவர்கள் எழுத்தாளர்கள். அலெஸ் அதமோவிச், யாங்கா பிரில், விளாதிமிர் கலெஸ்னிக் என்ற மூன்றுபேர் 1970களின் தொடக்கத்தில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு எரிந்த கிராமங்களுக்குப் போனார்கள். உயிர் தப்பிய 300க்கும் மேற்பட்டவர்களைப் பேச வைத்தார்கள். பெரும்பாலும் கிழவிகள். அவர்கள் பேசியதை இலக்கணம் திருத்தி, மேடைத் தமிழ் மாதிரி மேடை மொழியாக்காமல், அந்தந்த ஊர்ப் பேச்சிலேயே அச்சிட்டார்கள். 1975இல் வந்த அந்தப் புத்தகம் 'நான் எரிந்த கிராமத்திலிருந்து வருகிறேன்'. எலெம் கிளிமோவின் 'வந்து பார்' (1985) படத்தைத் திரைப்படச் சங்கங்களில் பார்த்தவர்கள் இருக்கலாம். அதற்குத் திரைக்கதையில் கூட்டாளி அதமோவிச்தான். எழுத்தாளன் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்தான். அதனால் அந்த ஜனங்கள் 'பலியானவர்கள்' என்ற மொத்தப் பேரிலிருந்து வெளியே வந்து ஆளாளுக்கு ஒரு முகத்தோடு நின்றார்கள்.

ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச் அதமோவிச்சைத் தன் ஆசான் என்று சொல்பவர். 2015இல் நோபல் பரிசு பெற்றார். போரில் துப்பாக்கி பிடித்த, காயம் கட்டிய, துணி துவைத்த பெண்களைத் தேடிப்போய்ப் பேச வைத்தார். 'போருக்குப் பெண்முகம் இல்லை' 1985இல் வெட்டுக்களோடுதான் வந்தது. சுமார் 10 லட்சம் பெண்கள் போருக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது ஊரும் உறவும் அவர்களைக் கேவலமாகப் பேசியது. பதக்கத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்கள் உண்டு. ஆப்கானிஸ்தானில் செத்துத் துத்தநாகப் பெட்டியில் வந்த பையன்களைப் பற்றி எழுதியபோது, அவரிடம் பேசிய தாய்மார்கள் சிலரே 1990களின் தொடக்கத்தில் மின்ஸ்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். என் மகன் வீரன் என்று அரசு சொன்னதே, நீ ஏன் அவனைப் பலியாடு என்கிறாய் என்பதுதான் அவர்களின் கோபம். செத்தவனுக்குப் பேர் வைக்கிற சண்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே நடக்கிறது. இதை நாம் எகத்தாளமாகப் பார்க்க முடியாது.

கதையில் இதைச் செய்தவர் வாசில் பிக்கவ் (1924-2003). போரில் அடிபட்டவர். 'சோத்னிகவ்' (1970) கதையில் இரண்டு கொரில்லாக்கள் உணவு தேடிப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். நோயாளியான சோத்னிகவ் வாய் திறக்கவில்லை. திடகாத்திரமான ரிபாக், அப்புறம் தப்பித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு ஒவ்வொரு அடியாக இறங்குகிறான். கடைசியில் தோழன் தூக்கில் தொங்கும்போது காலடிக் கட்டையை இழுப்பவன் அவன்தான். கூடவே தூக்கிலிடப்படுபவர்களில் பாஸ்யா என்ற யூதச் சிறுமியும் உண்டு. தன்னை ஒளித்து வைத்தவர் யார் என்று கடைசிவரை அவள் சொல்லவில்லை. பாஸ்யாவை யாரோ ஒரு 'குடிமகள்' என்று பிக்கவ் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. 'துயரத்தின் அடையாளம்' (1982) நாவலில் ஒரு கிழவன், கிழவியின் வீட்டுக்குள் ஜெர்மானியர்களும் உள்ளூர்ப் போலீசும் நுழைகிறார்கள். அந்தப் போலீஸ் எங்கிருந்து வந்தான் என்று தோண்டிக்கொண்டே போனால், பத்து வருஷத்துக்கு முன் பலவந்தமாக நடந்த கூட்டுப்பண்ணையாக்கத்தில் போய் நிற்கிறது கதை. பிக்கவுக்கு லெனின் பரிசும் கொடுத்தார்கள், பழியும் சுமத்தினார்கள். சுதந்திர பெலாரஸில் 1998இல் நாட்டைவிட்டுப் போனார். சாகத்தான் திரும்பி வந்தார்.

லாரிஸா ஹெனியுஷ் (1910-1983) இன்னொரு விதம். 1948இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிடித்துக்கொண்டு வந்து 25 வருஷம் தண்டனை கொடுத்தார்கள். முகாமில் காகிதம் இல்லை. அவருடைய கவிதைகள் கைதிகளின் மனப்பாடத்தில் இருந்தன. 1956இல் வெளியே வந்தார். செல்வா என்ற சிற்றூரில் சாகும்வரை சோவியத் குடியுரிமையை வாங்க மறுத்தே வாழ்ந்தார். அவருடைய முதல் தொகுப்பு 1942இல், நாஜிகள் பிடித்து வைத்திருந்த பிராக்கில் அச்சானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவரைக் கும்பிடுகிறவர்கள் அதை விழுங்குகிறார்கள். வெறுக்கிறவர்கள் அதை மட்டும் சொல்கிறார்கள்.

குராபாத்தி, மின்ஸ்கின் ஓரத்திலுள்ள ஒரு காடு. 1937க்கும் 1941க்கும் இடையில் ரகசியப் போலீஸ் ஆட்களைக் கொண்டுபோய்ச் சுட்டுப் புதைத்த இடம். எத்தனை பேர் என்பதில் கணக்குகள் 7,000லிருந்து 2,50,000 வரை வேறுபடுகின்றன. ஒரு அரசு எத்தனை பேரைக் கொன்றது என்பதைக்கூட எண்ணவிடவில்லை என்பதுதான் இந்த வித்தியாசத்தின் அர்த்தம். 1988 ஜூனில் சியானோன் பஸ்னியாக்கும் யெவ்ஹென் ஷ்மிஹல்யோவும் ஓர் இலக்கிய வாரப் பத்திரிகையில் இதை எழுதினார்கள். கவனியுங்கள், இலக்கியப் பத்திரிகையில். அந்த அக்டோபர் 30இல் முன்னோரை நினைக்கும் 'ஜியாதி' நாளுக்காகக் கூடியவர்கள் மேல் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. சோவியத் போனது, சுதந்திரம் வந்தது, 1994இல் லுகஷென்கோ வந்தார். 2019 ஏப்ரலில் குராபாத்தியைச் சுற்றி ஜனங்கள் நட்டிருந்த சிலுவைகளை அரசே டிராக்டர் வைத்துப் பிடுங்கியது.

2020 ஆகஸ்ட் தேர்தல் மோசடிக்கு எதிராக லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அடுத்து நடந்ததைப் பாருங்கள். குபாலா தியேட்டர் இயக்குநரை நீக்கியதும் நடிகர்கள் கூட்டமாக ராஜினாமா செய்து, அதே 'துத்தெய்ஷியா' நாடகத்தை இணையத்தில் வெளியிட்டார்கள். அலெக்ஸியேவிச் நாட்டைவிட்டுப் போனார். 2021இல் பென் அமைப்பும் எழுத்தாளர் சங்கமும் கலைக்கப்பட்டன. 2022இல் அல்ஹெர்த் பஹாரெவிச்சின் 'ஐரோப்பாவின் நாய்கள்' நாவல் 'தீவிரவாத' நூல் என்று தீர்ப்பானது. 2023இல் 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் துனின்-மார்த்சின்கேவிச்சின் கவிதைகளுக்கும் அதே முத்திரை. அவர் செத்தது 1884இல்! இலக்கிய ஆய்வாளரும் மனித உரிமைக்காரருமான அலெஸ் பியாலியாட்ஸ்கி 2022இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றபோது சிறையில் கிடந்தார்; 2025 டிசம்பரில்தான் விட்டார்கள்.

இதையெல்லாம் ஒரு வாசிப்புக் கூட்டத்தில் சொன்னபோது மூத்த தோழர் ஒருவர் கோபப்பட்டார். 'ஏகாதிபத்தியக்காரன் எழுதிக்கொடுத்ததை நீங்க வாசிக்கிறீங்க தோழர்' என்றார். நான் திருப்பிக் கேட்டேன்: சாரொத் ஏகாதிபத்தியக்காரரா? இளங்கம்யூனிஸ்ட் அமைப்பின் தலைவராக இருந்த ஹலவாச்? செம்படையில் நின்று நாஜியோடு போரிட்ட பிக்கவ்? அமெரிக்கக்காரன் இதைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்துகிறான் என்பது நிஜம். அதற்காகக் குழியில் கிடப்பவன் பொய்யாகிவிடுவானா? நாம் பேசாமல் விட்ட பிணத்தைத்தான் எதிரி தூக்கிக்கொண்டு போகிறான். இதைச் சொல்லி சோஷலிசமே மோசம், சமத்துவம் கேட்பதே மோசம் என்று பேச வருகிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. அந்த இரவில் செத்தவர்களில் பலர் சமத்துவத்தை நம்பியவர்கள். அவர்களைக் கொன்றது சமத்துவம் அல்ல, கேள்வி கேட்க ஆளில்லாத அதிகாரம்.

தலித் இயக்கத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் சொல்ல வருவது இதுதான். நமக்கும் ஒரு நாள் கல் நடுகிற வாய்ப்பு வரும், சில இடங்களில் வந்தும்விட்டது. அப்போது நாமும் செத்தவர்களுக்குத் தோதான பேரை வைத்துவிடக் கூடாது. அடிபட்ட தெருவில் பெண்களுக்கு என்ன நடந்தது என்பதை 'மானம்' கருதி விழுங்கக் கூடாது. அருந்ததியர் செத்தால் பொதுப் பேரிலும், நம்ம உட்சாதிக்காரன் செத்தால் சொந்தப் பேரிலும் சுவரொட்டி அடிக்கக் கூடாது. நம்மிலிருந்து போய் எதிரியிடம் ரிபாக் ஆனவனையும் எழுத வேண்டும். நாம் ஆனதையும் எழுத வேண்டும்.

வேலை ஒன்றும் பெரிசில்லை. அந்த மூன்றுபேர் டேப் ரெக்கார்டரோடு போனார்கள். நம் பையில் கைபேசி இருக்கிறது. உங்கள் தெருவில் ரொம்ப வயசான ஆயாவிடம் போய் உட்காருங்கள். எரிந்தது எந்த வருஷம், செத்தது யார், அவங்க பேர் என்ன, கொளுத்தினவன் பேர் என்ன, பார்த்துக்கொண்டு நின்றவன் பேர் என்ன என்று கேளுங்கள். அவங்க பேசுகிற மாதிரியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். யாமாவில் நட்ட அந்தக் கல் இன்னும் நிற்கிறது. எழுதினவனையும் செதுக்கினவனையும் உள்ளே தள்ள முடிந்த ஆட்சியால் அந்தப் பேரை அழிக்க முடியவில்லை.